ஒரு டின், 500 ஈயத் துண்டுகள்: 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு எந்த பெல்லட்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய துளை ரைஃபிள் வைத்திருப்பவர்கள் பித்தளைக் கூட்டில் தாங்களே வெடிமருந்து நிறைத்துக்கொள்வார்கள். எந்த மருந்து தங்கள் குழலுக்கு ஒத்துவருகிறது என்று மாதக்கணக்கில் தேடுவதே அவர்களுக்குப் பாதிப் பொழுதுபோக்கு. நம் ஊரில் அந்த வேலைக்கு வழியில்லை. கோலாலம்பூரைச் சுற்றி இருக்கிற கிளப்காரர்களுக்கு அந்தத் தேடல் முழுவதும் ஓர் இடத்தில் வந்து நிற்கிறது: 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கான 4.5 மி.மீ. பெல்லட். ரைஃபிளை வாங்கி, கோட் தைத்து, பட்டையை இறுக்கிய பிறகு சுடுகிறவர் கையில் மாற்றுவதற்கு மிஞ்சுவது அந்த டின் ஒன்றுதான்.

போட்டி எதுவென்று தெரியாதவர்களுக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்ட நூர் சூர்யானி தைபியை நினைவூட்டினால் போதும். அவர் சுட்டது இதைத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 60 குண்டில் 560-ஐத் தாண்டாதவர்கள் நடுத்தர விலையில் 0.53 கிராம் தட்டைத் தலை பெல்லட் ஏதாவது ஒன்றை, ஒரே லாட்டில் (ஒரே தடவையில் தயாரான தொகுதியில்), பத்து டின்னாக வாங்கிப் போட்டுவிட்டுப் பயிற்சியைப் பாருங்கள். 600-ஐத் தொடுகிறவர்கள் தலை அளவையும் லாட் எண்ணையும் கவனிக்கத் தொடங்கலாம். 620-க்கு மேல் போகிறவர்கள் வைஸில் (ரைஃபிளை அசையாமல் பிடிக்கும் கவ்வியில்) மாட்டிச் சோதிக்காமல் காசு கொடுக்க வேண்டாம். ஏன் இப்படிப் பிரிக்கிறோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விலை உயர்ந்த டின்னுக்குத் தாவுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

இலக்கு அட்டையில் 10-ஆம் வளையம் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. ஒவ்வொரு வளையத்துக்கும் விட்டம் 5 மி.மீ. கூடி, 1-ஆம் வளையம் 45.5 மி.மீ.யில் முடிகிறது. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0. அதாவது துளையின் மையம் 2.5 மி.மீ.க்குள் இருந்தால் 10. அங்கிருந்து உள்ளே வர வர ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் தசமத்தில் ஒன்று கூடும். கடைசிக் கால் மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.9.

இப்போது மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளின் குண்டுகள் மையத்திலிருந்து சராசரியாக 5 மி.மீ. விலகி விழுகின்றன, 540 பக்கம் வருவார். இரண்டாம் ஆளுக்கு 1.9 மி.மீ.; 610 சுடுவார். மூன்றாம் ஆளுக்கு 1 மி.மீ.; 633, தேசிய அணித் தரம். பெல்லட்டின் சொந்தச் சிதறல் சராசரி 0.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிதறலும் நேராகக் கூடாது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதல் ஆளின் 5 மி.மீ., 5.04 ஆகிறது. 60 குண்டில் அவர் பெல்லட்டால் இழப்பது ஒரு புள்ளிக்கும் குறைவு. இரண்டாம் ஆளின் 1.9 ஏறக்குறைய 2.0 ஆகிறது, இழப்பு 2 புள்ளிக்குச் சற்று மேல். மூன்றாம் ஆளின் 1.0, 1.17 ஆகிறது, இழப்பு 4 புள்ளி. அந்த மட்டத்தில் 4 புள்ளி என்றால் இறுதிச் சுற்றுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். முதல் ஆள் அதே பணத்தில் இன்னும் 2,000 பெல்லட் வாங்கிச் சுட்டால் பத்துப் புள்ளி ஏறுவார்.

டின்னைப் படிக்கும் விதம்

பெல்லட்டில் மூன்று பகுதி: குழலின் புரியில் உட்கார்ந்து வழி காட்டும் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் குழிந்து மெலிந்து விரிந்த பாவாடை. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது பாவாடை விரிந்து குழலை அடைக்கிறது. மெல்லியதாக இருப்பதால்தான் அது விரிகிறது. மெல்லியதாக இருப்பதால்தான் டின் கீழே விழுந்தால் நசுங்குகிறது. தலை தட்டையாக இருப்பது அட்டையில் பஞ்ச் போட்ட மாதிரி சுத்தமான துளை விழுவதற்காக. உருண்டைத் தலை பெல்லட் அட்டையைக் கிழித்துக்கொண்டு போகும். துளையின் ஓரத்தைக் கணிக்க முடியாது.

டின்னின் முகப்பில் இருக்கும் படத்தையும் பதக்கத்தையும் விட்டுவிட்டு, பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் மூன்று எண் முக்கியம்.

முதலாவது எடை. ஒரே பெயரில் இரண்டு எடை விற்பார்கள். ஆர்டபிள்யூஎஸ் நிறுவனத்தின் ஆர்10 மேட்ச், மைஸ்டர்குகெல்ன் இரண்டுமே 0.45 கிராமிலும் 0.53 கிராமிலும் உண்டு. 0.45 பிஸ்டலுக்கு, 0.53 ரைஃபிளுக்கு. டின் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவசரத்தில் மாற்றி எடுத்து வந்துவிட்டு, நேற்று வரை நடுவில் விழுந்தது இன்று மேலே போகிறதே என்று சைட்டைத் திருகிக்கொண்டிருப்பவரை எந்த ரேஞ்சிலும் பார்க்கலாம். லேசான பெல்லட் வேகமாகப் போகும், குறைவாகத் தாழும், அவ்வளவுதான்.

இரண்டாவது தலை அளவு: 4.49, 4.50, 4.51. இந்த 0.01 மி.மீ. தலைமுடித் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. பெரிய தலை இறுக்கமாக உட்காரும், ஆகவே துல்லியம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி விதி ஏதும் இல்லை. ஒரே மாடல் ரைஃபிளில் அடுத்தடுத்த இரண்டு குழல், ஒன்று 4.49-ஐயும் இன்னொன்று 4.51-ஐயும் கேட்கும். அதோடு, ஒரு நிறுவனம் 4.50 என்று அச்சிட்டது இன்னொரு நிறுவனத்தின் 4.50-ஆக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நண்பரின் ரைஃபிளுக்கு எது சரிப்பட்டது என்ற தகவலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது லாட் எண். இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. எங்களைக் கேட்டால் மூன்றில் இதுதான் பெரியது. பெல்லட்டை அழுத்தி எடுக்கும் அச்சு தேய்கிறது, மாற்றப்படுகிறது; ஈயக் கம்பியின் கலவை சற்று மாறுகிறது. ஒரே பிராண்ட், ஒரே எடை, ஒரே தலை அளவு, ஆனால் வேறு லாட் என்றால் உங்கள் குழலுக்கு அது வேறு பெல்லட். 50 மீட்டர் .22 சுடுகிறவர்களுக்கு இது பழைய பாடம். பர்மிங்காமில் எலி (Eley) என்ற தோட்டா நிறுவனமே சோதனைக் கூடம் வைத்து, வாடிக்கையாளர் கொண்டுவரும் ரைஃபிளை மாட்டி, லாட் லாட்டாகச் சுட்டுக் காட்டித்தான் தோட்டா விற்கிறது.

டின்களைப் பற்றி

ஸ்பெயினின் காமோ மேட்ச், 0.49 கிராம். புதிதாக வந்த பிள்ளைகள் தூக்கிப் பிடிக்கவும் விசையை அழுத்தவும் பழகுகிற முதல் சில மாதங்களுக்கு இது போதும். இந்த விலை மட்டத்தில் டின்னைத் திறந்ததும் ஒரு கரண்டி அளவு எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். பாவாடை கோணியது, விளிம்பில் ஈயச் சீவல் ஒட்டியது எத்தனை என்று எண்ணி ஒதுக்கிவிட்டுச் சுடுங்கள். ஆர்டபிள்யூஎஸ் ஹாபி 0.45 கிராம், கிளப்பின் பழைய ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஏற்றது, போட்டிக்கு வேண்டாம்.

மைஸ்டர்குகெல்ன் 0.53-ஐ நாங்கள் பெரும்பாலோருக்குச் சொல்கிறோம். 540-க்கும் 600-க்கும் நடுவில் இருப்பவருக்கு இதற்கு மேல் செலவழிக்கக் காரணமில்லை. ஜெர்மனியின் ஹெச் அண்ட் என் நிறுவனத்தின் ஃபினாலே மேட்ச் ரைஃபிள், 0.53 கிராம், தலை அளவைத் தேர்ந்தெடுத்து வாங்க முடிவதே இதன் பலம்: 4.49, 4.50, 4.51 மூன்றும் தனித்தனி டின்னில் வரும். குழல் எதைக் கேட்கிறது என்று முதன்முதலாகத் தேடுகிறவர் இங்கே தொடங்குவது சுலபம், ஏனென்றால் மற்றதெல்லாம் மாறாமல் தலை மட்டும் மாறுகிறது. ஆர்10 மேட்ச் 0.53 இன்னொரு படி மேலே. டின்னுக்குள் பெல்லட்டுக்குப் பெல்லட் வேறுபாடு குறைவு, விலை அதற்கேற்ப ஏறும். செக் நாட்டு ஜேஎஸ்பி என்றதும் பலர் 0.547 கிராம் எக்ஸாக்ட் டின்னை நீட்டுவார்கள். அது உருண்டைத் தலை, ஃபீல்ட் டார்கெட் என்ற வெளிப்புறப் போட்டி ஆட்களுக்கானது. 10 மீட்டருக்கு அவர்களுடைய மேட்ச் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சீனாவின் சியாங் யுவான் ஒலிம்பிக் வகையும் சோதனைப் பட்டியலில் சேரத் தகுதியானதே.

தனித்தனிக் குழியில் அடுக்கிய தட்டுகளில் வரும் வகைகளும் உண்டு. பாவாடை நசுங்காமல் வந்து சேரும் என்பதைத் தவிர அதில் மாயம் ஒன்றுமில்லை. கப்பலிலும் லாரியிலும் பல கை மாறி வரும் சரக்குக்கு அது சின்ன விஷயமில்லைதான்.

ஈயமில்லாத ஹெச் அண்ட் என் மேட்ச் கிரீன் 0.34 கிராம்தான். இவ்வளவு லேசானது வேகமாகப் போகும், சைட்டைத் திரும்பப் பூஜ்யம் செய்ய வேண்டும். கடினமான உலோகம் என்பதால் எல்லாக் குழலும் அதை விரும்புவதில்லை. பிள்ளைகள் அதிகம் பழகும் இடத்துக்கு வாங்கலாம்.

சோதிக்கும் முறை

பெல்லட் சோதனை என்று பெயர் வைத்துக்கொண்டு தோளில் வைத்துச் சுடுகிறவர் தன்னைத்தான் சோதித்துக்கொள்கிறார். குழலும் இயந்திரப் பகுதியும் அசையாமல் வைஸில் உட்கார வேண்டும். மரக்கட்டையோ அலுமினியச் சட்டமோ இருந்தால் கழற்றிவிட்டு, அது பொருந்தும் திருகுத் துளைகளிலேயே வைஸின் தாங்கியை மாட்டுவதுதான் சரி. குழலை நேரடியாகக் கவ்வினால் அழுத்தத்தில் குரூப் (ஒரே அட்டையில் விழும் குண்டுகளின் கொத்து) கோணும். வைஸ் இல்லாத கிளப்பில் மேசை மேல் முன்னும் பின்னும் மணல் மூட்டை வைத்துச் செய்யலாம், அதில் 0.3 மி.மீ. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

ரைஃபிள் காரில் வெயிலில் கிடந்து குளிரூட்டிய ரேஞ்சுக்குள் வந்திருந்தால் அரை மணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள். சிலிண்டரை 200 பாருக்கு நிரப்புங்கள், 100-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஃபெல்ட் பெல்லட் (குழல் துடைக்கும் கம்பளித் துண்டு) இரண்டு மூன்றைச் செலுத்திக் குழலைத் துடையுங்கள். அதன் பிறகு சோதிக்கப் போகும் பெல்லட்டில் 15 சுட்டு வீணடியுங்கள். முந்தைய பிராண்டின் எண்ணெயும் ஈயப் பூச்சும் குழலில் படிந்திருக்கும். அது மாறி நிலைப்பதற்கு இத்தனை தேவைப்படும். இந்த 15-ஐ மிச்சம் பிடித்தவர்கள் நல்ல லாட்டைக் குப்பையென்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிறகு 5 குண்டுக் குரூப் ஐந்து. ஒவ்வொன்றும் தனி அட்டையில். அட்டையில் பிராண்ட், தலை, லாட், வரிசை எண் எல்லாவற்றையும் சுடுவதற்கு முன்பே பென்சிலில் எழுதிவிடுங்கள். நான்கு வகை என்றால் அ, ஆ, இ, ஈ என்ற வரிசையில் ஒரு சுற்றும், ஈ, இ, ஆ, அ என்று தலைகீழாக மறு சுற்றும் போவது நல்லது. நேரம் போகப் போகக் குழல் அழுக்காவது ஒரே வகையின் தலையில் விழாது. சுற்று மாறும்போதெல்லாம் மறுபடி 15 குண்டு உண்டு என்பதால் அளந்துகொண்டே பெல்லட் எடுங்கள்.

வெர்னியர் காலிப்பரால் குரூப்பின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து 4.5-ஐக் கழித்தால் மையத்திலிருந்து மைய அளவு. துளை தாளில் சற்றுச் சுருங்கும், ஆனால் எல்லா அட்டையும் ஒரே கட்டிலிருந்து வந்தால் ஒப்பீடு கெடாது. மெல்லிய பிரிண்டர் தாளில் சுடாதீர்கள். கிழிந்த விளிம்பில் காலிப்பரை எங்கே வைப்பது என்றே தெரியாது.

கழிப்பதற்கு முந்தைய வெளி விளிம்பு அளவுகள் மி.மீ.யில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் லாட்: 5.9, 6.3, 5.7, 6.1, 6.0. இரண்டாம் லாட்: 5.6, 7.1, 5.5, 5.7, 5.6. சராசரி 6.0-ம் 5.9-ம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவது. அட்டையைப் பார்த்தால் அந்த 7.1-இல் நான்கு குண்டு ஒரே துளையாக இருக்கும், ஐந்தாவது விலகி நிற்கும். அந்த ஒரு குண்டு போட்டியில் 10.6-ஐ 9.9 ஆக்கும். இப்போது செய்ய வேண்டியது, இரண்டாம் டின்னிலிருந்து 30 பெல்லட் எடுத்து பாவாடையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, நல்லதாகத் தேர்ந்த 25-ஐ மறுபடி சுடுவது. விலகல் மறைந்தால் டின் வழியில் அடிபட்டிருக்கிறது. வேறு டின் கேட்கலாம். மறுபடியும் வந்தால் முதல் லாட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரே ஒரு குரூப்பை வைத்து முடிவெடுப்பது லாட்டரிதான். சராசரி 6.0 தரும் அதே பெல்லட் ஒரு முறை 5.6-ம் அடுத்த முறை 6.4-ம் தருவது இயல்பு. கடைக்காரர் பெருமையாகக் காட்டும் ஒற்றைச் சோதனை அட்டைக்கும் இதே கணக்குப் பொருந்தும். கடைசியாக மிஞ்சும் இரண்டு லாட்டை மட்டும் 10 குண்டுக் குரூப் ஐந்தாகச் சுட்டு முடிவு செய்யுங்கள்.

எடை போடலாமா என்று கேட்பவர்களுக்கு

நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் 0.01 கிராம் தராசு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடுகிறார்கள். 0.53 கிராம் பெல்லட்டில் அந்தத் தராசு 0.525-இலிருந்து 0.535 வரை எல்லாவற்றையும் 0.53 என்றே காட்டும். அதாவது நீங்கள் தேடும் வேறுபாடு முழுக்க அதன் குருட்டுப் பகுதிக்குள் ஒளிந்துகொள்ளும். 0.001 கிராம் தராசு வேண்டும், அதுவும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூடிக்குள் வைத்து. அப்படிச் செய்தாலும் கிடைப்பது என்ன? பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது. 10 மீட்டரைக் கடப்பதற்குள் 17, 18 மி.மீ. தாழ்கிறது. எடை 1 சதவீதம் கூடினால் வேகம் ஏறக்குறைய அரை சதவீதம் குறையும். குண்டு கூடுதலாகத் தாழ்வது 0.2 மி.மீ.க்கும் குறைவு. நல்ல டின்னில் இந்த வேலை வீண். மட்டமான டின்னில் பயன் உண்டு, ஆனால் 500 பெல்லட்டை ஒவ்வொன்றாக நிறுக்கிற நேரத்துக்கு நல்ல டின்னே வாங்கிவிடலாம்.

எடையைவிடக் கண்ணாடிச் சோதனை விரைவானது. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சற்றே சாய்த்து வைத்துப் பெல்லட்டை உருட்டுங்கள். தலையும் பாவாடையும் வேறு வேறு விட்டம் என்பதால் வளைந்து உருளும். எல்லாம் ஏறக்குறைய ஒரே வளைவில் இறங்கும். பாவாடை கோணியது துள்ளும், அல்லது வேறு பக்கம் ஒதுங்கும். ஒரு டின்னைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

பெல்லட்டின் தலையில் விழும் வீண் பழி

குரூப் மேலும் கீழுமாக நீண்டால் வேகம் நிலையாக இல்லை என்று பொருள். நொடிக்கு 3 மீட்டர் ஏறி இறங்கினாலே இலக்கில் 0.6 மி.மீ. உயர வேறுபாடு வரும். காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைப் பாருங்கள், சிலிண்டர் அழுத்தத்தைப் பாருங்கள், வேகம் அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் 20 குண்டின் வேகத்தை எழுதுங்கள். பெல்லட்டைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்.

இரண்டு தனித்தனிக் கொத்தாக விழுந்தால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது: சைட், குழல் பிடி, கட்டைத் திருகு, இந்த வரிசையில். நன்றாக இருந்த குரூப் ஆயிரம் குண்டுக்கு மேல் மெல்ல விரிந்தால் குழலைத் துடைக்க நேரமாகிவிட்டது. பெல்லட்டை வைக்கும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ தாள் நுனியைப் பிடித்துச் சுடும்போது தாள் படபடத்தால் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் போய்விட்டது. எங்கும் ஒழுங்கில்லாமல் நாலைந்து குண்டுக்கு ஒன்று விலகினால்தான் பெல்லட், அதிலும் பெரும்பாலும் பாவாடை. பெல்லட்டை உள்ளே வைக்கும் விரலும் காரணமாக இருக்கலாம். சாய்வாக வைத்து மூடினால் பாவாடை மடிந்துவிடும்.

நம் ஊர்க் காற்று

ஜெர்மன்காரனுடைய அலமாரிக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் அலமாரிக்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம். ஈயம் முதலில் மங்கும், பிறகு வெள்ளைப் பொடி பூக்கும். அந்த வெள்ளை வந்த பெல்லட்டைத் துடைத்துச் சுடலாம் என்று நினைக்காதீர்கள். அளவு மாறியிருக்கும், பொடி விரலிலும் மூச்சிலும் போகும். டின்னோடு கட்டிக் கிளப்பின் பழைய ஈயச் சேகரிப்பில் போட்டுவிடுங்கள். புதுப் பிளைவுட் அலமாரி இன்னும் மோசம்: பலகையிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். அருங்காட்சியகங்கள் ஈயப் பொருளை மரப்பெட்டியில் பூட்டி வைக்காததற்கும் இதுதான் காரணம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை, இரும்பு அலமாரி. இவ்வளவு போதும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

டின் மூடிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சையும் அவ்வப்போது பாருங்கள். பழசானால் உதிர்ந்து துகள் பெல்லட்டின் குழியில் ஒட்டும், அங்கிருந்து குழலுக்குள் போகும். உதிரத் தொடங்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுத்தமான துணியை மடித்து வையுங்கள்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாயில் பெல்லட்டைக் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் பார்க்கக் கிடைக்கிறது. அதை இன்றே நிறுத்த வேண்டும். பயிற்சி முடிந்ததும் நேராக நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக் கையால் சாப்பிடுகிற ஊர் நம்முடையது. சோப்பும் தண்ணீரும் போட்டு, நகக்கண் உட்படத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பொட்டலம். இலக்குப் பெட்டியைச் சுற்றித் துடைப்பத்தால் பெருக்கினால் ஈயத் தூசு எழும். ஈரத் துணியால் துடையுங்கள். சுடும்போது போட்ட சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

வாங்கும் வழி

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் கன்னும் ஏர் பிஸ்டலும் ஆயுதம்தான். ஆகவே இணையச் சந்தையில் கைபேசி உறையோடு சேர்த்துக் கூடையில் போடும் பொருளாகப் பெல்லட்டை நினைக்காதீர்கள். கிளப் வழியாக, அல்லது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில், உரிமத்தைக் காட்டி வாங்குங்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்வருபவரிடம் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதும் அவரைத்தான் சிக்கலில் மாட்டும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்த லாட்டில் எத்தனை டின் இருக்கிறது?" இரண்டே டின் என்றால், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சோதிப்பதில் பயனில்லை, சோதனைக்கே அரை டின் போய்விடும். பத்து டின்னுக்கு மேல் இருந்தால் ஒன்றை வாங்கிச் சோதித்து, மீதியை ஒரு வாரம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தெரிந்த கடைக்காரர் செய்வார். கிளப்பாகச் சேர்ந்து வாங்குவது இன்னும் நல்லது: ஒரே லாட்டில் 5,000 வீதம் மூன்று நான்கு பெட்டி இறக்கினால் ஏழெட்டுப் பேர் அவரவர் குழலில் சோதித்து, ஒத்துவராதவர் ஒத்துவருபவருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு வாங்குவது? வாரம் மூன்று நாள், நாளுக்கு 80 குண்டு என்றால் ஒரு டின் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும்; ஆண்டுக்கு 25 டின். பயிற்சிக்கு மைஸ்டர்குகெல்ன் மாதிரி ஒன்று, போட்டிக்கும் அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் சோதித்த லாட் என்று பிரித்துக்கொண்டால் சோதித்த லாட்டில் ஆறு டின் ஓர் ஆண்டுக்குத் தாராளம். ஆறாவது டின்னில் 200 பெல்லட் மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அடுத்த லாட்டைச் சோதிக்கும் நாளில் பழையதைப் பக்கத்தில் வைத்துச் சுட அவை வேண்டும்.